ஜெபக்குறிப்பில் மட்டும் வரும் ஆண்கள்

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமங்களில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயத்துக்குள் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்றுதான் உட்காருவார்கள். நடுவில் ஒரு நடை. இரண்டாம் மணி அடித்து ஆராதனை தொடங்கிப் பத்து நிமிஷம் கழித்து வாசலில் நின்று பாருங்கள். பெண்கள் பக்கம் தரையில் விரித்த பாய் கண்ணுக்குத் தெரியாது. ஆண்கள் பக்கம் முன்னால் நாலைந்து பெரியவர்கள், கமிட்டி ஆட்கள் இரண்டு பேர், அம்மா கையை விட்டு இந்தப் பக்கம் வந்த சின்னப் பையன்கள். அப்புறம் வெறும் பாய். கடைசியில் சுவரோடு சாய்ந்து ஒரு வரிசை. மிச்சப் பேர் வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார்கள். பிரசங்கம் முடிந்து காணிக்கைப் பாட்டு கேட்டதும் செருப்பைக் கழற்றுவார்கள்.

என் அப்பா அந்த மரத்தடி ஆள். விசுவாசம் இல்லாதவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. ராத்திரி கடையைப் பூட்டி வந்து, சாப்பிட்டு, கட்டிலில் உட்கார்ந்து ஒரு சங்கீதம் வாசிக்காமல் படுக்க மாட்டார். 121-ஆம் சங்கீதம் அவருக்கு மனப்பாடம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குள் ஒரு மணி நேரம் உட்காரச் சொன்னால் முடியாது. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “உள்ள போயி நான் என்னத்தப் பேச? அவுகளே எல்லாம் பேசிருதாக” என்றார். அந்தப் பதிலை நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். இந்தக் கட்டுரையே அதற்குச் சொல்லும் விளக்கம்தான்.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. 1692-லேயே அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் போதகர் காட்டன் மேதர், சிலுவையடியில் ஒரு யோவானுக்கு மூன்று மரியாள்கள் நின்றதுபோல இன்றும் பக்தியுள்ள பெண்களே அதிகம் என்று எழுதினார். 1902, 1903-ல் லண்டனில் ஒரு நாளிதழ் ஆலயங்களுக்கு ஆள் அனுப்பித் தலை எண்ணியபோது, ஆங்கிலிக்கன் ஆராதனைகளில் ஆண்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு பெண்கள் இருந்தார்கள். 2016-ல் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட உலகளாவிய அறிக்கையின்படி, வாரம் ஒருமுறையாவது ஆலயத்துக்குப் போகிற கிறிஸ்தவப் பெண்கள் சராசரியாக 53 சதவீதம், ஆண்கள் 46 சதவீதம்.

இதற்கு அடிக்கடி கேட்கிற பதில், ஆணின் சுபாவமே அப்படி என்பது. அமெரிக்கச் சமூகவியலர் ராட்னி ஸ்டார்க் இதைக் கொஞ்சம் கௌரவமாகச் சொன்னார்: ஆண்கள் ஆபத்தைப் பொருட்படுத்தாதவர்கள், செத்தபின் என்ன ஆகும் என்ற விஷயத்திலும் அப்படியே துணிந்துவிடுகிறார்கள் என்று. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அதே பியூ அறிக்கையில் இஸ்லாமியர்களைப் பற்றிய எண்ணிக்கையும் இருக்கிறது. வாரத் தொழுகைக்குப் பள்ளிவாசல் போகிறவர்கள் அங்கே ஆண்களில் 70 சதவீதம், பெண்களில் 42 சதவீதம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ ஆணுக்குக் கடமை. அவனுக்கென்று ஒரு நேரமும், வரிசையில் ஒரு இடமும், செய்வதற்கு ஒரு செயலும் அங்கே இருக்கின்றன. சுபாவம்தான் காரணம் என்றால் எல்லா மதத்திலும் ஆண் வெளியேதான் நிற்க வேண்டும். அப்படி இல்லை.

இரண்டாவது பதில், பாடலும் ஜெபமும் பெண்தன்மையாகிவிட்டன என்பது. நேசர், மணவாளன், மார்பில் சாய்ந்துகொள்வது என்றெல்லாம் பாடினால் மீசை வைத்த ஆண் எப்படி வாய் திறப்பான் என்று கேட்கிறார்கள். மேலை நாடுகளில் எழுதப்படும் பல விளக்கங்கள் இதைத்தான் பெரிய காரணமாகப் பிடித்துக்கொள்கின்றன. அங்கே அது பொருந்தலாம். தமிழில் பொருந்தாது. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும் திருமங்கை ஆழ்வார் பரகால நாயகியாகவும் நின்று பாடிய மொழி இது. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் 1800-ல் பெத்லகேம் குறவஞ்சி எழுதியபோது, கிறிஸ்துவின் மேல் காதல் கொண்டு உருகுகிற தேவமோகினியைத்தான் நாயகியாக வைத்தார். அவருக்கோ அதைக் கேட்டவர்களுக்கோ ஆண்மை குறைந்ததாகத் தெரியவில்லை. ஆக, அழுது பாடுவது தமிழ் ஆணுக்கு வராத காரியம் என்று சொல்ல முடியாது. அவன் எந்த இடத்தில் அழலாம், யார் முன்னால் அழலாம் என்பதுதான் கேள்வி.

ஆண்களை உள்ளே கொண்டுவரச் சபை முயற்சி செய்யாமலும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ‘தசைபலக் கிறிஸ்தவம்’ என்றே ஒரு போக்கு வந்தது. திடமான உடம்பும் திடமான விசுவாசமும் ஒன்றாகப் போக வேண்டும் என்பது அதன் எண்ணம். 1844-ல் லண்டனில் தொடங்கிய கிறிஸ்தவ வாலிபர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ. இந்த எண்ணத்தைப் பிறகு உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அதன் பயிற்சிப் பள்ளியில்தான் 1891-ல் ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். 1895-ல் இன்னொரு ஒய்.எம்.சி.ஏ. கிளையில் வில்லியம் மார்கன் வாலிபால் விளையாட்டை உருவாக்கினார். 1920-ல் சென்னையில் ஹெச். சி. பக் உடற்கல்விக் கல்லூரி தொடங்கியதும் ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான். இன்று எங்கள் பக்கத்தில் ஆலயத்தை ஒட்டிய பள்ளிக்கூட மைதானத்தில் வாலிபால் வலை கட்டாத ஊரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஞாயிறு மாலை பந்து அடிக்கிற சத்தம் உள்ளே ஜெபக்கூட்டத்துக்குக் கேட்கும். விளையாட்டு ஆண்களிடம் தங்கிவிட்டது. அதைக் கொண்டுவந்த நோக்கம் வழியிலேயே நின்றுவிட்டது.

அமெரிக்காவில் 1911, 1912-ல் இன்னொரு பெரிய இயக்கம் நடந்தது. சபைகளில் 30 லட்சம் ஆண்கள் குறைகிறார்கள் என்று கணக்குச் சொல்லி, சமயத்துக்கு இன்னும் ஆண்கள், ஆண்களுக்கு இன்னும் சமயம் என்ற முழக்கத்தோடு ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். 1912 ஏப்ரலில் நியூயார்க்கில் ஒரு மாநாட்டோடு அது முடிந்தது. 1990-ல் ஒரு அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் தொடங்கிய பிராமிஸ் கீப்பர்ஸ் அமைப்பு விளையாட்டு அரங்குகளை ஆண்களால் நிரப்பியது. 1997 அக்டோபரில் வாஷிங்டனில் பல லட்சம் பேர் கூடினார்கள். அதற்குப் பிறகு அந்த அமைப்பும் சீக்கிரமே இளைத்துவிட்டது. மைதானத்தில் ஒருநாள் ஆயிரக்கணக்கானவர்களோடு நிற்பது ஒன்று. ஊருக்குத் திரும்பி வந்து, தன்னைத் தெரிந்த நாற்பது பேர் நடுவில் வாராவாரம் உட்காருவது வேறு.

சரி, நம் ஊருக்கு வருவோம். திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கத்தில் ஒரு பெண் நிற்கிறார். 1780-ல் பாளையங்கோட்டைச் சபையின் முதல் பதிவேட்டில் இருந்தவர்கள் 40 பேர். அந்தச் சபைக்குத் தூணாக இருந்து, 1785-ல் ஆலயமும் கட்டியவர் குளோரிந்தா என்ற விதவை. ஆனால் கிராமம் கிராமமாகச் சபை பரவியபோது அது ஆண்களின் காரியமாகவும் இருந்தது. கிறிஸ்தவர்களானதால் வீடு இழந்து, அடிபட்டு வந்தவர்களுக்காக 1799-ல் முதலூர் என்ற ஊரையே உண்டாக்கியவர் தாவீது சுந்தரானந்தம். அந்தக் காலத்தில் ஒருவன் சபையில் சேர்ந்தால் நிலம், வரி, ஊர்க்கட்டு எல்லாவற்றிலும் அதன் விளைவை உடம்பால் தாங்க வேண்டியிருந்தது. விசுவாசம் அவனிடம் எதையோ கேட்டது. அவன் கொடுத்தான்.

அதே காலத்திலேயே இடைவெளிக்கான விதையும் இருந்தது என்று நினைக்கிறேன். பனையேறியின் வேலையை யோசித்துப் பாருங்கள். பருவம் தொடங்கிவிட்டால் பாளையைத் தினமும் சீவ வேண்டும். விட்டால் பதநீர் நின்றுபோகும். விடியுமுன் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ஒவ்வொரு நாளும் முப்பது, நாற்பது மரம். பனைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. மனைவி பதநீர் காய்ச்சுகிற அடுப்பை அணைத்துவிட்டுப் பிள்ளைகளோடு ஆலயத்துக்குப் போகலாம். அவன் மரத்தில் இருந்தான். பிறகு பனையை விட்டுப் பலசரக்குக் கடைக்கு வந்தார்கள். கடைக்கும் ஞாயிறு காலைதான் வியாபாரம். அதற்குப் பிறகு மும்பை, சென்னை, வளைகுடா. ஆண் இல்லாத ஊரில் சபை பெண்களின் வாழ்க்கைக்கு ஏற்றபடி தன் நாளைத் திட்டம் பண்ணிக்கொண்டது. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு உபவாச ஜெபம், செவ்வாய்க்கிழமை மதியம் வீட்டு ஜெபம், ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுக்க அக்காமார்கள். பெண்கள் யாரிடமிருந்தும் எதையும் பிடுங்கவில்லை. இருந்தவர்கள் பார்த்தார்கள். அவர்கள் பார்க்காவிட்டால் பல ஊர்களில் ஆலயக் கதவே திறந்திருக்காது.

அதிகாரம் மட்டும் கை மாறவில்லை. தென்னிந்தியத் திருச்சபை பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கத் தொடங்கியது 1976-ல்தான். முதல் பெண் பேராயர் புஷ்பலலிதா 2013-ல்தான் வந்தார். கத்தோலிக்கத் திருச்சபையில் பீடம் முழுக்க ஆண்களுடையது. பீடத்தில் ஆண், பாயில் பெண் என்பதே இன்றும் நிலைமை. அப்படியென்றால் பீடத்துக்கும் பாய்க்கும் நடுவில் சாதாரண ஆணுக்கு என்ன கிடைத்தது? தேர்தல் கிடைத்தது. சேகரக் கமிட்டி (ஒரு குருவானவரின் கீழ் வரும் சபைகளின் நிர்வாகக் குழு), பேராயரின் கீழ் வரும் திருமண்டலத்தின் பெருமன்றம், அணி, எதிரணி. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மரத்தடி முழுக்க ஆலயத்துக்குள் வந்துவிடும். வேனில் கொண்டுவந்து இறக்குவார்கள். வாக்கு எண்ணி முடிந்ததும் கோர்ட்டுக்குப் போவார்கள். திருமண்டல நிர்வாகத்தை ஓய்வுபெற்ற நீதிபதிகளிடம் நீதிமன்றம் ஒப்படைத்ததைக்கூடப் பார்த்துவிட்டோம். இவர்களைப் பதவி வெறியர்கள் என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. ஒரு மனிதனுக்குச் சபையில் கிடைக்கிற ஒரே வேலை நிர்வாகம்தான் என்றால் அவன் தன் பாசம், கோபம், மானம் எல்லாவற்றையும் அதிலேதான் கொட்டுவான். கமிட்டியில் இடம் கிடைக்காதவன் மரத்தடிக்குப் போவான்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. அதுதான் என் அப்பா சொன்னது.

எங்கள் ஊர் உபவாச ஜெபத்தைச் சின்ன வயதில் அம்மா மடியில் இருந்து பார்த்திருக்கிறேன். பாட்டு முடிந்ததும் ஜெபக்குறிப்பு கேட்பார்கள். ஒவ்வொருத்தியாகச் சொல்வார்கள். “எங்க வீட்டுக்காரர் குடியை விடணும்.” “அவுக ரட்சிக்கப்படணும்.” “கடன் எவ்வளவுன்னு எங்கிட்ட சொல்ல மாட்டேங்காரு, கர்த்தர் அவருக்கு நல்ல புத்தியக் கொடுக்கணும்.” முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுவார்கள். அந்த அழுகை நூற்றுக்கு நூறு நியாயமானது. அடிபட்ட பெண்ணுக்கு அந்த ஊரில் வேறு எந்த வாசலும் திறந்திருக்கவில்லை. அந்த அறை இல்லாமல் போயிருந்தால் சிலர் உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். அதை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்காரர் உள்ளே வரும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். பாயில் உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் அவர் ஒரு ஜெபக்குறிப்பு. அவர் கடன், அவர் பாட்டில், அவர் கோபம் எல்லாம் ஏற்கெனவே ஆலயத்துக்குள் வந்துவிட்டன. பெயர் சொல்லி வேண்டியும் ஆகிவிட்டது. அவர் மட்டும்தான் இன்னும் வரவில்லை. வந்தால் இரண்டு வேஷம்தான் உண்டு. ஒன்று, மனந்திரும்பி முன்னால் வந்து சாட்சி சொல்லி அழ வேண்டும். இல்லையென்றால் தலைகுனிந்து கடைசியில் உட்கார வேண்டும். குடிக்கவும் செய்கிற, பிள்ளைகள் மேல் உயிராகவும் இருக்கிற, ராத்திரி சங்கீதமும் வாசிக்கிற ஒரு மனிதன் அப்படியே வந்து உட்கார இடம் இல்லை. அவனைப் பற்றிப் பேச நூறு பேர். அவனிடம் பேச ஒருவர்கூட இல்லை. “அவுகளே எல்லாம் பேசிருதாக.”

வருஷத்துக்கு ஒருநாள் ஆண்கள் ஞாயிறு வரும். ஆண்கள் ஐக்கிய சங்கம் சார்பில் வெளியூரிலிருந்து ஒருவரை அழைப்பார்கள். தலைப்பு எப்படியும் குடும்பத் தலைவனின் கடமை என்றுதான் இருக்கும். வீட்டில் வாங்குகிற ஏச்சைத்தான் அன்று ஒலிபெருக்கியிலும் வாங்க வேண்டியிருக்கும். கூலி வேலையில் முதலாளியிடம் படும் அவமானம், மூத்த மகனோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது, மகளுக்கு நகை சேராத பயம், ஐம்பது வயதில் மூட்டு தேய்ந்து தொழிலை விட்ட வெறுமை, இவற்றைப் பற்றி ஒரு வசனம் எடுத்து யாராவது பேசி நான் கேட்டதில்லை. யோபு இருக்கிறான், எலியா சூரைச்செடியின் கீழே சாகவேண்டும் என்று கேட்டுப் படுத்துக் கிடக்கிறான், பேதுரு ராத்திரி முழுக்க வலை வீசி ஒன்றும் கிடைக்காமல் கரைக்கு வருகிறான். வேதத்தில் தோற்றுப்போன ஆண்களுக்குக் குறைவே இல்லை. பிரசங்கத்தில்தான் அவர்கள் ஆணாக வருவதில்லை.

என் அத்தான் ஒருவர் 12 வருஷம் குவைத்தில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் இருந்தார். ஊரில் அவரும் மரத்தடிதான். அங்கே அவர் பாட்டுப் புத்தகத்தை மார்போடு பிடித்துக்கொண்டு பாடுகிற போட்டோவைப் பார்த்து அத்தை நம்பவே இல்லை. வெள்ளிக்கிழமை விடுமுறை. கேம்ப் அறையில் இரண்டடுக்குக் கட்டில்கள். கீழ்க்கட்டிலில் ஆறு பேர், தரையில் எட்டுப் பேர். ஒருவர் வசனம் வாசிப்பார். அப்புறம் ஒவ்வொருவராகத் தங்கள் காரியத்தைச் சொல்வார்கள். “நான் இந்த மாசம் பணம் அனுப்பல, எனக்காக ஜெபிங்க.” அங்கே அவர் வேறொருவர் சொன்ன ஜெபக்குறிப்பாக வரவில்லை. தன் வாயால் தன்னைச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் அதே சம்பளம், அதே வெயில், அதே தொலைவு. ஊருக்கு வந்த முதல் ஞாயிறு வெள்ளை வேட்டி கட்டி உள்ளே போனார். மூன்றாவது ஞாயிறு மரத்தடிக்கு வந்துவிட்டார். ஆள் மாறவில்லை, இடம்தான் மாறியது.

கடற்கரைக் கத்தோலிக்க ஊர்களில் கதை கொஞ்சம் வேறு. ஞாயிறு கடலுக்குப் போவதில்லை என்ற வழக்கம் அங்கே பல ஊர்களில் இருந்து வந்திருக்கிறது. கொடியேற்றம், சப்பரம், தேர் என்று ஆண் உடம்புக்கு வேலையும் உண்டு. ஆனால் திருவிழா முடிந்த மறுவாரம் அன்பியக் கூட்டத்துக்கு, அதாவது பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடும் சின்ன ஜெபக்குழுவுக்கு, போய்ப் பார்த்தால் அங்கேயும் பெண்கள்தான்.

எங்கள் பக்கத்தில் ஆண்கள் முழு மனதோடு வருகிற ஒரே நாள் அசனப் பண்டிகை, சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற விருந்து. கறி, சோறு, கத்தரிக்காய்க் கூட்டு என ஆயிரக்கணக்கான பேருக்கு ஆண்களே சமைப்பார்கள். முந்தின ராத்திரி பந்தலில் சின்ன வெங்காயம் மலைபோல் கிடக்கும். வட்டமாக உட்கார்ந்து உரிப்பார்கள். வெங்காயம் உரிக்கும்போது கண் கலங்கினால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஒரு மணி, இரண்டு மணிக்குப் பேச்சு மெதுவாக மாறும். முதலில் ஆட்டு விலை, அப்புறம் தேர்தல், அப்புறம் யாராவது ஒருவர் குனிந்த தலையோடு, கத்தியை நிறுத்தாமல், “மவன் பேசி எட்டு மாசம் ஆச்சு அண்ணாச்சி” என்பார். பக்கத்தில் இருக்கிறவர் உடனே பதில் சொல்ல மாட்டார். இரண்டு வெங்காயம் உரித்துவிட்டு, “என் பயலும் அப்படித்தான் இருந்தான்” என்பார். நான் பார்த்ததில் ஆண்கள் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்தது அங்கேதான். அதைச் சபைக் காரியம் என்று யாரும் கணக்கில் எழுதவில்லை. குருவானவர் ஒன்பது மணிக்கு ஜெபித்து ஆரம்பித்துவிட்டுப் போய்விடுவார். பாவம், விடியற்காலை ஆராதனைக்கு அவர் எழும்ப வேண்டுமே.

சில வருஷத்துக்கு முன்னால் புதிதாக வந்த குருவானவர் ஒருவர் அந்த ராத்திரி போகவில்லை. அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, கைலி கட்டிக்கொண்டு வந்து வட்டத்தில் உட்கார்ந்தார். முதலில் எல்லாருக்கும் கூச்சம். பீடியை மறைத்தார்கள், பேச்சு நின்றது. அவர் வசனம் ஒன்றும் சொல்லாமல் வெங்காயம் உரித்தார், அதுவும் மோசமாகத்தான் உரித்தார். இரண்டு மணி வாக்கில் ஊர் லாரி டிரைவர் ஒருவர் வண்டிக் கடனைப் பற்றிப் பேச்செடுத்தார். குருவானவர் தவணை எவ்வளவு, எத்தனை மாசம் நிலுவை என்று மட்டும் கேட்டார். தன் அப்பாவும் ஒரு லாரியை இப்படி இழந்தவர் என்றார். மறுநாள் ஆராதனையில் டிரைவர் பெயரை அவர் எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு டிரைவர் எப்போதும்போல மரத்தடியில்தான் நின்றார். முதல் மணி அடித்ததும் குருவானவர் அங்கே வந்தார். அங்கி தோளில் கிடந்தது, இன்னும் போட்டிருக்கவில்லை. இரண்டு பேரும் இரண்டாம் மணி அடிக்கும்வரை நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.